நடக்காதவன் வளர்த்த நாய்

டாஷண்ட் நாய் வாங்கியதற்கு நான் ஊருக்குச் சொன்ன காரணங்கள் பல. சின்ன ஃபிளாட்டுக்கு ஏற்ற நாய். முடி அவ்வளவாகக் கொட்டாது. குரலை மட்டும் கேட்டால் அல்சேஷன் என்று திருடன் ஏமாந்துபோவான். எதுவும் பொய்யில்லை, எதுவும் காரணமும் இல்லை. கால் குட்டையாக இருந்தால் நடையும் குட்டையாகப் போதும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். விருதுநகர்ப் பக்கம் என் மச்சான் ஒரு சிப்பிப்பாறை வளர்க்கிறான். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது, "சும்மா கண்மாய் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க மாமா" என்று சங்கிலியை என் கையில் கொடுத்தான். நான் அதைக் கூட்டிப்போகவில்லை. அது என்னைக் கொண்டுபோனது. கண்மாயின் மறுகரையில் முள் குத்திய காலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் குட்டைக் கால் நாய்கள் மேல் அன்பு பிறந்தது.

பெயர் வஸ்தாத். தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று கூடுதலாக எழும்பி நிற்கும் பிறவிக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லி நானே சிரித்தேன். என் மனைவி முதல் வாரமே அதை 'வஸ்து' என்று சுருக்கிவிட்டாள்.

குட்டியை விற்றவர் நேர்மையானவர். காசை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு, "இந்த ஜாதிக்கு முதுகு வீக் சார். சோபாவுல தாவ விடாதீங்க. எடை போட விடாதீங்க. ரொம்ப ஓட விட்டுடாதீங்க" என்றார். முதல் இரண்டையும் ஆட்டோ ஏறும்போதே மறந்தேன். மூன்றாவதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதிலும் 'ரொம்ப', 'ஓட' என்ற இரண்டு சொற்களும் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அது 'நடக்க விடாதீங்க' என்று ஆகியிருந்தது. அதன் பிறகு நங்கநல்லூரின் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் பதில் தயார். "என்ன சார், நாயை வாக்கிங் கூட்டிட்டு வரலையா?" "முதுகு சென்சிடிவ் சார் இந்த பிரீடுக்கு. டாக்டர் அட்வைஸ்." எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்டதில்லை. டாக்டர் அட்வைஸ் என்றால் கேட்கமாட்டார்கள்.

வஸ்தாதின் நடை என்று ஒன்று இருந்தது, இல்லாமல் இல்லை. லிஃப்டில் கீழே இறங்குவோம். வாசலிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போவோம். டிரான்ஸ்ஃபார்மரில் அவன் வேலை முடியும். திரும்புவோம். இடையில் அவன் எதையாவது முகர நின்றால் கழுத்து பெல்ட்டைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவேன். என் இன்னொரு கையில் போன் இருக்கும். வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பிய 'நடைப்பயிற்சியின் பத்து நன்மைகள்' மாதிரி எதையாவது அப்போதுதான் முன்னனுப்பிக்கொண்டிருப்பேன். மழை என்றால் அந்த நடையும் இல்லை, பால்கனியில் பழைய ஹிந்து பேப்பர்.

குற்ற உணர்ச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். அன்றைக்கு அவனை ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் நிறுத்தி பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவேன். வாரம் முழுக்க சோபாவில் கிடந்த நாய் மணலில் வெறி பிடித்து ஓடும். நண்டைத் துரத்தும், திடீரென்று திரும்பும், குழியில் விழும், எழும். நான் ஒரு படகு நிழலில் உட்கார்ந்து மாங்காய் பத்தை தின்றபடி, "பாரு, ஒரு வார எக்சர்சைஸை ஒரே நாள்ல முடிச்சிட்டான்" என்று மனைவியிடம் சொல்வேன். வங்கியில் வேலை பார்ப்பவன். மொத்தமாகக் கட்டினால் தவணை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குத் தொழிலோடு வந்தது.

இதில் இன்னொரு முதுகும் சம்பந்தப்பட்டிருக்கிறது. எனக்கு இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் கொஞ்சம் வெளியே பிதுங்கியிருக்கிறது. எலும்பு டாக்டர் பெல்ட் ஒன்றைக் கொடுத்து, "பெல்ட் பத்து நாளைக்குத்தான். அப்புறம் நடங்க. தினமும் நடங்க" என்றார். பெல்ட்டைப் பல மாதங்கள் அணிந்தேன். நடையை மட்டும் தள்ளிப்போட்டேன். நாய்க்காகத்தான் நடக்கவில்லை என்று என் முதுகிடம் சொன்னேன். என் முதுகுவலியால்தான் கூட்டிப்போகவில்லை என்று நாயிடம் சொன்னேன். இரண்டு பேரும் நம்பினார்கள்.

போதாக்குறைக்கு ஒரு விஞ்ஞான விளக்கமும் வைத்திருந்தேன். டிஸ்க் பிரச்சினை என்பது மனிதன் எழுந்து நின்றதால் வந்த வினை, நாலு காலில் நடக்கிற எதற்கும் அது வராது என்று ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதை, பல கல்யாணப் பந்திகளில் என் சொந்தச் சிந்தனையாகப் பரிமாறியிருக்கிறேன். அதே வாயால் என் நாய்க்கு முதுகு வீக் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை. பாயசம் வந்துவிடும்.

கண்டுபிடித்தது எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். அவருக்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் நடையின் முழு நீளத்தையும் அவர் ஒருவர்தான் தினமும் பார்க்கிறார். ஒரு நாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சார், பின்னாடி நகம் தேயிற சத்தம் கேக்குது, கவனிச்சீங்களா?" என்றார். நான் போனை இறக்கிக் கேட்டேன். சிமென்ட் ரோட்டில் ஒரு மெல்லிய 'சரக்'. முன்கால்கள் டக்டக்கென்று போக, பின்னங்கால் ஒன்று தூக்காமல் இழுபட்டது. எத்தனை நாளாக என்று அவரிடம் கேட்டேன். "போன வாரமே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க போன்ல இருந்தீங்க" என்றார்.

அன்று மாலையே கால்நடை டாக்டர். இளம் பெண், நிதானமானவர். முதலில் எடை பார்க்கவேண்டும் என்றார்கள். எடை மேடையில் நிற்க வஸ்தாத் மறுத்தான். உடனே அங்கிருந்த உதவியாளர் பையன், "நீங்க தூக்கிட்டு ஏறுங்க சார், அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சிக்கலாம்" என்றான். இந்தக் கழித்தலில் இருக்கும் ஆபத்து ஏறிய பிறகுதான் உறைத்தது. நாயும் நானும் 101 கிலோ. "மொய் எழுதுற நம்பர் சார்" என்றான் பையன். நான் மட்டும் 88.5. அதையும் சத்தமாகவே படித்தான். பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மீதி பன்னிரண்டரை வஸ்தாதுடையது. "ஒன்பது, ஒன்பதரைக்குள்ள இருக்கணும்" என்றார் டாக்டர். பிஸ்கட் கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுப்பதில்லை என்றேன், அது ஒரு வகையில் உண்மை. பிஸ்கட்டை நான் சாப்பிடுவேன், அவன் பார்ப்பான், பாதி அவனுக்குப் போகும். நெய் தோசையின் ஓரமும் அப்படித்தான் போகும்.

அடுத்து டாக்டர் தரையில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தார். வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து அவனைத் தாங்கிக்கொண்டு, ஒரு பாதத்தைப் பிடித்து மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி திருப்பி வைத்தார். முன்கால் இரண்டும் தரையைத் தொடும் முன்பே வெடுக்கென்று நிமிர்ந்தன. பின்னங்கால் வலது, கொஞ்சம் யோசித்து நிமிர்ந்தது. இடதை மடக்கி வைத்தார். அது அப்படியே இருந்தது. நடு இரண்டு நகங்களின் முனைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகியிருந்தன, அதற்கு மேலே இருந்த முடியும் உரசி உரசிச் சொட்டையாகியிருந்தது. தன் பாதம் தலைகீழாகக் கிடப்பது அவனுக்குத் தெரியவே இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகவேண்டும். வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். பிறகு விரலை அழுத்திக் கிள்ளினார். வஸ்தாத் திரும்பி உறுமினான். "குட், கோபம் வருது" என்று அவர் முகம் மலர்ந்தது. வலி தெரிகிறது, தள்ளாடினாலும் நடக்க முடிகிறது, எனவே இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். கால் முழுக்க விழுந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கொண்டுவரவேண்டும் என்றார்.

என் கல்யாணப் பந்தி விஞ்ஞானம் அன்றைக்கு முடிவுக்கு வந்தது. நாய்க்கும் டிஸ்க் உண்டு. கழுத்தில் ஏழு, மார்பில் பதின்மூன்று, இடுப்பில் ஏழு என்று எலும்புகள். ஏறக்குறைய ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு டிஸ்க், வெளியே நார் வளையம், உள்ளே கூழ். டாஷண்டுக்கு அந்தக் கூழ் இளநுங்கு முற்றிய நுங்காவது மாதிரி ஒரு வயதுக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். பிறகு அதில் கால்சியமும் படியும். இறுகிய டிஸ்க் அதிர்ச்சி தாங்காது. ஒரு நாள் நார் வளையம் கிழிந்து, உள்ளே இருப்பது மேலே இருக்கும் தண்டுவடத்தின் மீது பாயும். இதை 1952-லேயே ஹான்ஸ்-யோர்கன் ஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கால்நடை மருத்துவர் வகைப்படுத்தி எழுதிவிட்டார். குட்டைக் கால் இனங்களுக்கு வரும் இந்தத் திடீர் வெடிப்புக்கு இன்றைக்கும் ஹான்சன் முதல் வகை என்றுதான் பெயர். அதிகம் வருவது விலா எலும்புக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில். வயது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழுக்குள். டாஷண்ட்களில் ஐந்துக்கு ஒன்றாவது வாழ்நாளில் எப்போதாவது இதைப் பார்த்துவிடுகிறது.

காரணம் பரம்பரை. 2017-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, நாயின் 12-ஆம் குரோமோசோமில் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் உபரிப் பிரதி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலைக் குட்டையாக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. டிஸ்க்கைச் சீக்கிரம் முதிர வைப்பதும் அதுதான். எந்தக் குட்டைக் காலைப் பார்த்து நான் கணக்குப் போட்டேனோ, அந்தக் காலோடு ஒட்டி வந்த செலவு இது. பாட்ஜர் வளைக்குள் புகுந்து சண்டை போடுவதற்கென்று ஜெர்மன்காரர்கள் உருவாக்கிய நாய் இது. நாளெல்லாம் காட்டில் அலைந்து மண் தோண்டிய வம்சத்தை டிரான்ஸ்ஃபார்மர் வரை நடத்திக் கூட்டிவந்தவன் நான்.

சரி, பரம்பரைதானே, என் நடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி தலைதூக்கியது. அதைக் கேள்வியாகவே கேட்டேன். டாக்டர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "தினமும் எவ்வளவு நேரம் நடக்க வைக்கிறீங்க?"

"முக்கால் மணி நேரம்" என்றேன்.

என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

நான்கு வாரம் ஓய்வு. கூண்டு அல்லது சின்ன அடைப்புக்குள்ளேயே இருக்கவேண்டும், தாவக்கூடாது, படி கூடாது, வெளிக்குப் போக மட்டும் தூக்கிக்கொண்டு போய் இறக்கவேண்டும், நிற்கும்போது வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்துப் பிடிக்கவேண்டும். தூக்குவது எப்படி என்றும் காட்டினார். ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. நான் இத்தனை வருடமும் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, பின்பாதி அந்தரத்தில் ஆட, செங்குத்தாகத் தூக்கியிருக்கிறேன். இதற்குச் சாட்சி வேண்டாம். என் வாட்ஸ்ஆப் படமே அதுதான். டாக்டரிடம் போன் நம்பர் கொடுக்கும் முன் படத்தை மாற்றினேன், முருகன் படம் வைத்தேன்.

மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கிய அடைப்பு பரணில் இருந்தது. அதை இறக்கி ஹாலில் போட்டோம். இப்போது விசித்திரம் என்னவென்றால், நடக்கவே கூடாது என்று நிஜமான டாக்டரே நிஜமான அட்வைஸ் கொடுத்த பிறகு எனக்கு நடக்கவேண்டும் போல இருந்தது. காலையில் விழிப்பு வந்துவிடும். அவன் அடைப்புக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பான். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் காதைத் தூக்குவான். அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் மாட்டினேன். இஸ்திரிக்காரரிடம் அன்றாட அறிக்கை கொடுத்தேன். அவருக்கு என்னைவிடக் கவலை இருந்தது, நியாயமான கவலையாகவும் இருந்தது.

அந்த நாட்களில்தான் உட்கார்ந்து படித்தேன். 'நடக்க வைக்கக் கூடாது' என்பதற்கு ஏதாவது ஆதாரம் கிடைக்கும், டாக்டர் முன்னால் போட்டுவிடலாம் என்றுதான் தேடினேன். கிடைத்தது நேர் எதிர். பிரிட்டனில் 2015-இல் டாஷண்ட் வளர்ப்பவர்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜின் ரோவீனா பாக்கரும் சகாக்களும் 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள். அவற்றில் சுமார் 16 சதவீதத்துக்கு டிஸ்க் நோய். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும், ஓடும் நாய்களிடம் நோய் குறைவாகக் காணப்பட்டது. சுறுசுறுப்பானது என்று வளர்ப்பவர்கள் சொன்ன நாய்களிடமும் குறைவு. சோபாவில் ஏறி இறங்க அனுமதிக்கப்பட்ட நாய்களுக்குக்கூடக் குறைவுதான். அதற்கும் முன்பே, 2000-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு ஆய்வு, அளவாகப் படியேறி இறங்கி வளர்ந்த டாஷண்ட்களின் டிஸ்க்கில் கால்சியம் படிவது குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. குட்டி விற்றவரின் மூன்று அறிவுரைகளில், தாவுவதையும் ஓடுவதையும் பற்றிய இரண்டை இந்த ஆய்வுகள் அப்படியே வழிமொழியவில்லை. நான் பிடித்துக்கொண்ட ஒன்று, அதுவும் நான் திரித்த வடிவத்தில், எல்லாவற்றிலும் மோசம்.

கோபத்தில் ஓட்டை தேடினேன். ஓட்டை இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. முதுகு போன நாயை யாரும் ஒரு மணி நேரம் நடத்தமாட்டார்கள். சோபாவில் ஏறவும் விடமாட்டார்கள். அப்படியானால் நடக்காததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் நடக்கவில்லையா? ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு இதைப் பிரித்துச் சொல்லாது. சோபா விஷயத்தில் எனக்கு இந்தச் சந்தேகம் இன்னும் இருக்கிறது, வஸ்தாதை ஏறவிடுவதில்லை. இன்னொரு ஓட்டை அதைவிட அருமையானது. உங்கள் நாயைத் தினமும் எவ்வளவு நேரம் நடக்க வைக்கிறீர்கள் என்று வளர்ப்பவரிடமே கேட்டு எழுதிக்கொண்ட பதில்கள் இவை. பிரிட்டிஷ்காரர்கள் சத்தியசந்தர்களாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் படிவம் நங்கநல்லூருக்கு வந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்பது மின்விசிறியைப் பார்த்தவளுக்குத் தெரியும். தினமும் முக்கால் மணி நேரம் நடந்தும் முதுகு போன நாய் என்று வஸ்தாத் ஏதோ ஒரு அட்டவணையில் ஏறி, நடைக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருப்பான். என்னைப் போன்றவர்கள் பொய் சொல்லியும் நடைக்குச் சாதகமாக முடிவு வந்திருக்கிறது என்றால், உண்மை இன்னும் பலமாகத்தான் இருக்கவேண்டும். நான் தோற்றது என் வாதத்தாலேயே.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். நடை மரபணுவை மாற்றாது, இறுகிய டிஸ்க்கை இளக்கவும் செய்யாது என்றார். ஆனால் முதுகை இரு பக்கமும் பிடித்து நிற்பது தசை; நடக்கிற நாய்க்குத் தசை இருக்கும், சோபா நாய்க்குக் கொழுப்பு இருக்கும். தவிர, டிஸ்க்குக்கு உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அளவான அசைவு அதற்கு உதவும் என்பது பொதுவான கருத்து. ஞாயிறு கடற்கரைத் திட்டத்தைப் பற்றியும் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். "ஆறு நாள் சும்மா வச்சிட்டு ஒரு நாள் மணல்ல ஓட விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏதோ எழுத ஆரம்பித்தார். மருந்துச் சீட்டில் அவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். 'தினமும், ஒரே அளவு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஓய்வு முடிந்து பாதம் மறுபடி தானாகத் திரும்ப ஆரம்பித்த பிறகு நடை தொடங்கியது. முதலில் சமதளத்தில் ஐந்து நிமிடம். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டவேண்டும். கழுத்தில் பெல்ட் வேண்டாம், கழுத்து டிஸ்க்கும் இதே நோய்க்கு ஆளாகும், சுண்டி இழுக்கும் கையை நம்பமுடியாது என்பதால் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். அதை மாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கால்களுக்கு இரண்டு ஓட்டை, தலைக்கு ஒன்று, மொத்தம் மூன்று. முதல் நாள் இரண்டு கால்களையும் ஒரே ஓட்டைக்குள் விட்டு, மிச்சமிருந்ததில் தலையை விட்டு, ஏதோ ஒரு வார் அநாவசியமாகத் தொங்குகிறதே, கம்பெனிக்காரன் அதிகமாக வைத்துவிட்டான் என்று கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னேன். வஸ்தாத் அசையாமல் நின்றான். என் மகள் கல்லூரியிலிருந்து வந்து ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று மனைவி ஒரு விதி போட்டாள். முதல் சில நாள் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் நடக்கும்போது அவனைப் பார்க்கவேண்டியிருந்தது, வேறு வழியில்லை. பின்னங்கால் எடுத்து வைக்கும் முறை, களைத்தால் முதுகு லேசாக வளைவது, திரும்பலாம் என்று அவனாகவே நிற்பது, எல்லாம் தெரிய ஆரம்பித்தன. முகர நின்றால் நானும் நின்றேன். அவனுக்கு முகர எவ்வளவோ இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினோம். அதற்கு அந்தப் பக்கமும் நங்கநல்லூர் இருந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார், சத்தம் இல்லை என்று அர்த்தம்.

பிரச்சினை என்னவென்றால், நடை நீண்டபோது அது இரண்டாவது முக்குவரை போனது. அங்கே ஒரு டீக்கடை. காலை ஆறரைக்கு அங்கே உளுந்து வடை எண்ணெயிலிருந்து ஏறும். நடக்கிறவனுக்குப் பசிக்கும் என்பது இயற்கை. வஸ்தாதுக்கு எண்ணெய்ப் பண்டம் ஒரு துணுக்குகூடக் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அவன் பங்கையும் நானே சாப்பிட வேண்டியிருந்தது. பாதி தூரம் அவன் வேகத்துக்கு நடப்பது, பாதி நேரம் வடைக்கு நிற்பது என்று பார்த்தால் என் நடை என்பது பெரும்பாலும் நிற்பதுதான். வீட்டில் கேட்டால் வாக்கிங். என் முதுகுக்கு அந்த விளக்கம் போதவில்லை, அது தன் வேலையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சில மாதம் கழித்து மறு பரிசோதனை. பாதத்தை மடக்கினார், நாலும் வெடுக் வெடுக்கென்று நிமிர்ந்தன. "இப்ப எவ்வளவு நேரம் நடக்கிறீங்க?" என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன் மனைவி சொன்னாள்: "வடைக்கு நிக்கிற நேரத்தைக் கழிச்சா, அரை மணி நேரம் டாக்டர்." பிறகு எடை. வஸ்தாத் இந்த முறையும் மேடையில் நிற்க மறுத்தான், என்னைத் தூக்கச் சொன்னார்கள். மார்புக்கு அடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை, முறையாகத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பையன் எண்ணைப் பார்த்தான், பழைய அட்டையைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். 101.

"டாக்டர், நாய் ஒரு கிராம்கூடக் குறையல போல" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

நாயை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன். 91.

பையன் காகிதத்தில் கழித்தான். வஸ்தாத் பத்து கிலோ. இரண்டரை கிலோ குறைந்திருந்தான். டாக்டர் வெளியே வந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "வெரி குட் பாய், இன்னும் ஒரு கிலோ" என்றார். பையன் இன்னும் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த ரெண்டரை எங்கேயும் போகல மேடம்" என்றான்.